உலை கொதிக்கும் முன்

...சிரிக்கிறாளா இல்லையா, அதுதான் தெரியவில்லை, மண்டபம் டூரிங் கொட்டகையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவே ஒரு தட்டி, தட்டிக்கு அந்தப் பக்கம் எங்கோ பெண்டாட்டி மீனம்மாள், இந்தப் பக்கம் மணலைக் குவித்து உட்கார்ந்த நாகநாதனுக்குத் திரையில் கண், காதெல்லாம் அங்கே... ஊரே பார்த்துத் தீர்த்த பழைய படம், கதை தெரிந்தும் இதற்கு ஏன் கூப்பிட்டாள்? படத்தில் பெண்டாட்டி குடை பிடித்து ஆபீஸ் போகிறாள், புருஷன் இடுப்பில் துண்டைச் செருகி வெங்காயம் உரிக்கிறான், அதற்கே கொட்டகை அதிர்கிறது. கூட மீன்பிடித்த மருதுபாண்டி பக்கத்தில் தொடையைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறான். கடைசியில் அந்தப் புருஷன் மீசையை முறுக்கிப் பெண்டாட்டிக்கு ஓர் அறை விடுவானாம், விசில் அப்போதுதானாம். நாகநாதனும் சிரித்து வைத்தான். சிரிக்காவிட்டால் ஏன் என்று கேட்பானே... முதுகில் அடிபட்டுக் கடலை விட்ட நாளிலிருந்து வீட்டில் உலை வைப்பது இவன்தான் என்று மருதுபாண்டிக்குத் தெரியுமோ? தெரியாது, தெரிய வழியில்லை, கதவைத் தாழ் போட்டுத்தானே சமையல். ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறவள் மானம் போகக் கூடாதே, அவள் சொன்னதுதானே அது. யாராவது தட்டினால் மசாலாக் கையைக் கழுவி, வேட்டியை மடித்துக் கட்டி, மீசையைத் தடவிக்கொண்டுதான் திறப்பது...

திரையில் அவன் பானையை அடுப்பில் ஏற்றினான், ஏற்றிய கையோடு அரிசியையும் கொட்டினான், அடப்பாவி... "உலை இன்னும் கொதிக்கலையேப்பா!"

சொன்னது யார்? தன் குரல்தான், கொட்டகைக்கே கேட்டுவிட்டது. மருதுபாண்டி திரும்பினான். "ஏலே, ஒனக்கு எப்பிடிலே தெரியும்?" தட்டிக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, "யாரு அது, சமையக்காரரு?" என்று கேலி பேசினாள், பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள், அதற்கு மேலே, எந்தக் கூட்டத்திலும் இவனுக்கு அடையாளம் தெரிகிற குரல்.

"எங்க வீட்டுக்காரருதேன்! அவரு சொல்றது சரிதேன்."

உடம்பெல்லாம் கூசிப்போனது. பெருமையாகச் சொன்னாளா, விளையாட்டாகவா? மானம் போகாதா அவளுக்கு? கதவைச் சாத்தச் சொன்னவள்... எப்போது சொன்னாள்? முதல் நாளா, மறுநாளா? எவ்வளவு தேடியும் அவள் அப்படிச் சொன்ன ஒரு நாள்கூட நினைவுக்கு வரவில்லை. தாழ்ப்பாளில் இருந்ததெல்லாம் இவன் கைதான். திரையில் அந்தப் புருஷன் மீசையை முறுக்கத் தொடங்கிவிட்டான், விசிலுக்கு எல்லோரும் விரலை வாயில் வைத்தாயிற்று, நாகநாதனின் கையும் மீசையில்தான் இருந்தது, எப்போது போனது அங்கே, இனி அதை எப்படி இறக்குவது...