ஆபத்தில்லாத பலவீனம்

மருந்து பாட்டில் செய்யும் ஆலையில் பரிசோதனைப் பிரிவுக்கு நான் மேற்பார்வையாளர். வெளிச்சப் பலகைக்கு முன்னால் பாட்டில்கள் நகர்ந்துகொண்டே இருக்கும். விரிசல் உள்ளதை ஏழு பேர் பொறுக்கிப் போடுவார்கள். அதை மறுபடி பார்த்துத் தீர்ப்புச் சொல்வது என் வேலை. கண்தான் எங்கள் பிழைப்பு என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எழுத்து அட்டையைப் படித்துக் காட்ட வேண்டும். பதினோரு வருஷமாக அதே அட்டை. எனக்கு நரம்பில் கோளாறு, கண்ணாடி போட்டாலும் தெளியாது என்று டாக்டர் சொல்லி மூன்று வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து கடைசி வரியை மனப்பாடமாகத்தான் ஒப்பிக்கிறேன்.

இந்த நிலையில் தலைமை அலுவலகத்துக்கு ஞானோதயம் வந்தது. மேலே இருப்பவர்கள் மனம் திறந்து தங்கள் பலவீனத்தைச் சொல்ல வேண்டுமாம், அப்போதுதான் கீழே இருப்பவர்கள் பயமில்லாமல் பேசுவார்களாம். அதற்கு இரண்டு நாள் பயிற்சி வேறு.

திங்கட்கிழமை கூட்டத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். "எனக்குக் கோவம் சீக்கிரம் வந்துரும். மாத்திக்கப் பார்க்கிறேன், முடியல." குரல் எந்த இடத்தில் கம்ம வேண்டும் என்பதுவரை வீட்டில் ஒத்திகை பார்த்திருந்தேன். ஆபத்தில்லாத பலவீனமாகத் தேடி எடுத்தது அது.

ஏழு பேரில் ஒருத்தியான கழுகு அதை நம்பிவிட்டாள். மயிரிழை விரிசலும் அவளிடமிருந்து தப்பாது என்பதால் வந்த பட்டப்பெயர். நானும் அவளும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். படுத்த படுக்கையான கணவனும் இரண்டு பிள்ளைகளும் அவள் சம்பளத்தில்தான் சாப்பிடுகிறார்கள்.

"அண்ணே, நீங்க சொன்ன தைரியத்துல சொல்றேன். எனக்கு ஒரு வருஷமா இடது கண்ணு மங்கல். அட்டையை மனப்பாடமாத்தான் சொல்றேன். ஏதாவது தப்பிப் போயிடுமோன்னு பயமா இருக்கு. என்னை பேக்கிங்குக்கு மாத்திருங்க."

எனக்கும்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டு, மனம் திறந்ததற்கு நன்றி என்றேன். எல்லாரும் கை தட்டினார்கள்.

அன்று மாலையே மேலே எழுதி அனுப்பினேன். மருந்து விஷயம், மறைக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான், ஆனால் அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? வேறு பிரிவுக்கு மாற்றுங்கள் என்று ஒரு வரி சேர்க்கவில்லை. பரிந்து பேசினால் பார்வை என் பக்கம் திரும்பும் என்ற பயம்.

வியாழக்கிழமை அவளை நீக்கினார்கள். கண் மங்கியதற்காக இல்லை, கண் பரிசோதனையில் ஏமாற்றியதற்காக.

சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு என் அறைக்கு வந்தாள். வாய்க்கு வந்தபடி திட்டப்போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவள் கதவைச் சாத்தினாள்.

"அட்டையை மாத்திட்டாங்கண்ணே. நாளைக்கு எல்லாருக்கும் டெஸ்ட். முன்னாடியே போய் கிட்ட நின்னு பார்த்து வச்சுக்கோங்க."

உனக்கு எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்டேன்.

"பாட்டிலை மூக்குல இடிக்கிற மாதிரி வச்சுப் பார்க்கிறீங்களே, தெரியாதா? அன்னைக்குக் கூட்டத்துல நீங்க எந்திரிச்சப்போ இதைத்தான் சொல்லப் போறீங்கன்னு நினைச்சேன்."

செருப்பால் அடித்துவிட்டுப் போயிருந்தால்கூடத் தேவலை. மறுநாள் காலை யாரும் வருவதற்கு முன்னால் கண் பரிசோதனை அறைக்குப் போனேன். புது அட்டையில் மூக்கு உரச நின்று கடைசி வரியை உருப்போட்டேன். பாஸ் ஆகிவிட்டேன்.

அடுத்த திங்கட்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி கூட்டத்தைப் பார்க்க வந்திருந்தார். ஒவ்வொருவரும் தங்கள் பலவீனத்தைச் சொல்லச் சொன்னேன். கோடியில் இருந்தவர் எழுந்தார்.

"எனக்குக் கோவம் சீக்கிரம் வந்துரும். மாத்திக்கப் பார்க்கிறேன், முடியல."

பக்கத்தில் இருந்தவளும் அதையே சொன்னாள். அதற்கடுத்தவரும் அதையே. ஆறு பேரும் சொல்லி முடித்தார்கள், குரல் கம்மும் இடம்கூடப் பிசகவில்லை. அதிகாரி திருப்தியாகக் குறித்துக்கொண்டார்.

ஆறு பேரின் தலையும் என் பக்கமே திரும்பியிருந்தது. நான் நின்ற இடத்திலிருந்து அவர்கள் முகம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.