ஏறுகிற வண்டிக்கு வழி

மாயக்காளின் இடதுகால் வண்டியின் படியில் இருந்தது. வலதுகால் அந்தரத்தில் நின்றது. அதற்குமேல் உடம்பு ஏற மறுத்தது. மகன் விஜயகுமார் பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துத் தள்ள, மருமகன் முத்துக்கண்ணன் உள்ளேயிருந்து இரண்டு கைகளையும் பிடித்து இழுத்தான். சேலை முழங்கால்வரை ஏறிவிட்டது. எதிர்வீட்டு வாசலில் இரண்டு பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"விடுங்கடா, நான் வரல. மூட்டு பிச்சுக்கிட்டுப் போகுது."

ஆண்கள் இருவரும் சிரித்தார்கள். பொற்கொடி போய் மாமியாரின் சேலையை இழுத்துவிட்டு, தோளில் சாய்த்துக் கீழே இறக்கினாள்.

"ஒரு முக்காலி வாங்கிப் போட்டா தீந்துச்சு," என்றான் விஜயகுமார், கைகளைத் தட்டிக்கொண்டே.

கம்பம் ஊரில் யாரோ ஒரு காண்ட்ராக்டர் ஐந்து வருடம் ஓட்டிய வண்டி அது. கறுப்பு நிறம். தெருவில் நின்றால் இரண்டு வீட்டு வாசலை மறைத்தது. பழைய வண்டிகளை வாங்கி விற்பதுதான் முத்துக்கண்ணனின் தொழில். அவன் அதன் முகப்பைத் தடவித் தடவிப் பேசினான். விஜயகுமாரும் தடவினான். மாட்டைத் தடவுவதில்கூட ஒரு பிரியம் இருக்கும். இந்தத் தடவலைப் பார்க்க பொற்கொடிக்கு அருவருப்பாக இருந்தது.

இந்த வண்டிக்கு எடுக்கப்போகும் வங்கிக் கடன் அவள் பெயரில்தான்; திங்கட்கிழமை கையெழுத்து. போடிமெட்டைத் தாண்டி, கேரள எல்லைக்குள் இருக்கும் ஒரு தமிழ்ப் பள்ளியில் அவள் ஆசிரியை. விடியுமுன் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகும் பெண்களோடு ஜீப்பில் மலையேறுவாள். டீச்சர் என்பதால் முன்சீட்டு. டீசல் விலை ஏற ஏற ஜீப்புக்காரர்கள் ஆள் கணக்கைக் கூட்டினார்கள். பன்னிரண்டு பேர் இருந்த இடத்தில் பதினெட்டுப் பேர் ஆனார்கள். முன்சீட்டிலும் நான்கு பேர். அப்போதுதான் சொந்தமாக ஒரு வண்டி என்ற யோசனை வந்தது. தேனியில் போய் ஒரு வண்டியைப் பார்த்தும் வைத்திருந்தாள். ஏழு பேர் உட்காரலாம், லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டருக்குக் குறையாது, படி தாழ்வு. கூடப் போன மாயக்காள் தானாகவே ஏறி உட்கார்ந்து, "கட்டில்ல உக்காந்த மாதிரி இருக்கு ஆத்தா," என்றாள். இன்னும் மூன்று டீச்சர்கள் பெட்ரோலுக்குப் பங்கு தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

விஜயகுமாரும் சரியென்றுதான் சொன்னான். பிறகு ராசிங்காபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனான். அங்கே சித்தப்பா மகன் பெரிய வண்டியில் வந்து இறங்கினானாம். அன்றிலிருந்து தேனி வண்டி, 'கூலியாள் ஏத்துற டப்பா' ஆகிவிட்டது. உரக்கடை வைத்திருப்பவன் அந்த டப்பாவில் போனால் யார் மதிப்பார்கள்? அந்த மதிப்புக்கு மாதாமாதம் பிடிக்கப்போவது யார் சம்பளத்தில் என்று அவள் கேட்டாள். மூன்று நாள் அவன் பேசவில்லை. நான்காம் நாள் முத்துக்கண்ணன் இந்தக் கறுப்பு வண்டியோடு வந்துவிட்டான்.

"ஒருக்கா மலையேறிப் பாரு தங்கச்சி. அப்புறம் நீயே கேப்ப," என்றான்.

சனிக்கிழமை மதியம், பள்ளி விடுமுறை. மாயக்காளை வீட்டில் விட்டுவிட்டு மூவரும் கிளம்பினார்கள்.

மலையடிவாரத்து முந்தல் தாண்டி ஏற்றம் தொடங்கியது. மூன்றாவது வளைவில் முத்துக்கண்ணன் மெதுவாகச் சொன்னான்: "ஏசிய அமத்திரு மாப்ளே. ஏத்தத்துல ரொம்பக் குடிக்கும்."

விஜயகுமார் அணைத்தான். ஆனால் கண்ணாடியை இறக்கவில்லை. பொற்கொடி தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கப்போனபோது, "மூடு. ஏசி இல்லாத வண்டின்னு நெனைக்கப் போறாய்ங்க," என்றான். எதிரே வந்தது ஒரு பைக் மட்டும்தான். உள்ளே இரண்டு ஆண்களின் வியர்வையும் கண்ணாடியில் தொங்கிய வாசனைப் புட்டியின் நெடியும் கலந்து அவள் தொண்டைவரை வந்தது. ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் எண் ஒன்று மினுங்கியது. ஆறு புள்ளி எட்டு. பதினெட்டு எங்கே, இது எங்கே. அதை அவள் பார்த்துவிட்டதைக் கவனித்த முத்துக்கண்ணன், "அது சும்மா காட்டும் தங்கச்சி," என்றான்.

அடுத்த சில வளைவுகளுக்கு மேல் மழைக்குச் சரிந்த கல்லும் மண்ணும் பாதிச் சாலையை அடைத்துக் கிடந்தன. மீதிப் பாதி வழியில் ஒரு ஜீப் பாதிக்குமேல் இறங்கி வந்துவிட்டிருந்தது. தோட்டத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு திரும்பும் ஜீப். விஜயகுமார் அதன் மூக்குக்கு நேரே கொண்டுபோய் நிறுத்தி, ஹாரனை அழுத்தினான்.

ஜீப் டிரைவர் தலையை நீட்டினான். "அண்ணே, பின்னால எடம் இருக்கு. ஒரு பத்தடி எடுத்தீங்கன்னா போயிருவேன். ஃபுல் லோடு."

விஜயகுமார் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினான். "ஏறுற வண்டிக்குத்தான் வழி. சட்டம் தெரியாமயா லைசன்ஸ் வாங்குன?"

"சட்டம் சரிண்ணே. பொம்பளைக இருக்காக. ஏத்தத்துல ரிவர்சு எடுக்கணும்."

விஜயகுமார் பதிலுக்குக் கண்ணாடியை ஏற்றினான்.

பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. பிளாஸ்டிக் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, இரண்டு பேர் சரிந்த கற்களில் பெரிதாகப் பார்த்துத் தூக்கி, ஜீப் உருண்டுவிடாமல் பின்சக்கரத்தடியில் அணைவைக்கப் போனார்கள். ஒருத்தி மட்டும் இவர்கள் வண்டியை நோக்கி வந்தாள். அய்யம்மாள். தினமும் விடியற்காலையில் பொற்கொடிக்கு முன்சீட்டில் இடம் பிடித்து வைப்பவள். பொற்கொடி முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டாள். ஏன் திருப்பினோம் என்று அந்தக் கணமே தன்மீதே வெறுப்பு வந்தது.

அய்யம்மாள் கண்ணாடியில் விரல் வைத்துத் தட்டினாள். ஏலச்செடியின் பால் ஏறிக் கறுத்த விரல்கள்.

"தொடாமப் பேசச் சொல்லு மாப்ளே," என்றான் முத்துக்கண்ணன். "கறை ஒட்டுனா பாலிஷ் போயிரும்."

அய்யம்மாளுக்கு அது கேட்டிருக்காது. உள்ளே குனிந்து பார்த்தவள், பின்சீட்டில் இருப்பது யாரென்று கண்டு சிரித்தாள். "டீச்சரா! நம்ம வண்டியா டீச்சர்?"

பொற்கொடி முன்னால் குனிந்தாள். "ஏங்க, பத்தடிதான. பின்னால எடுங்க."

"நீ பேசாம உக்காரு. இவளுகளுக்கெல்லாம் ஒதுங்குனா வண்டி வாங்குறதுல என்ன அர்த்தம்?"

அவள் கதவைத் திறந்தாள். படி உயரம். குதித்துத்தான் இறங்க வேண்டியிருந்தது. வெளிக்காற்று பட்டதும் நெஞ்சு திறந்தது. "வாங்கல அய்யம்மா," என்றாள். "வேடிக்கை பாக்க வந்தோம்."

ஜீப் அலறிக்கொண்டு ஓரடி ஓரடியாகப் பின்னேறியது. ஒவ்வோர் அடிக்கும் பெண்கள் கல்லை நகர்த்தி வைத்தார்கள். பொற்கொடியும் ஒரு கல்லைத் தூக்கினாள். ஒதுங்க இடம் கிடைத்ததும் கறுப்பு வண்டி அவர்களை உரசுவதுபோல ஏறிப்போய், மேல்வளைவில் நின்றது. அவளுக்காகத்தான் நின்றது. பெண்கள் மறுபடி ஏறிக்கொண்டார்கள். அவளும் ஜீப்பின் பின்பக்கம் போய், அய்யம்மாள் நீட்டிய கையைப் பிடித்து ஏறி, நனைந்த சாக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள்.

"ஏய்! எங்க போற?" விஜயகுமார் கதவைத் திறந்து கத்தினான். ஜீப் நகர்ந்துவிட்டது. அவன் குரல் இன்னும் உயர்ந்தது: "திங்கக்கெழம பேங்குக்கு வந்துருவேல்ல?"

அவன் அதைத்தான் கேட்டான். ஜீப்பில் ஒருத்தி கால்களை மடக்கி இடம் விட்டாள். டிரைவர் டீசல் மிச்சம் பிடிக்க இஞ்சினை அணைத்து, இறக்கத்தில் வண்டியைத் தானாக உருளவிட்டான்.

இரண்டு வளைவு கீழே வந்தபோது மேலே அந்தக் கறுப்பு வண்டி தெரிந்தது. கீழ்நோக்கித் திரும்ப முயன்றது. முகம் மலையில் முட்டியது, பின்னால் வந்தது, பின்சக்கரம் பள்ளத்து விளிம்பில் கற்களை உதிர்த்தது, மறுபடி முன்னால் போனது. சாலையின் குறுக்கே நீளமாக நின்று, மேலே போகவும் முடியாமல் கீழே வரவும் முடியாமல், புகையைக் கக்கிக்கொண்டிருந்தது.