மணமேடைக்கு வராத தாய்மாமன்

பெங்களூர் காக்ஸ் டவுன் மார்க்கெட்டில் பாத்திரக்கடை வைத்திருக்கும் கிருஷ்ணப்பா, குக்கர் வாங்க வந்தவரிடம் விசிலுக்குத் தனியாக விலை கறந்துவிடும் ஆள். அப்பேர்ப்பட்டவர் விமானக் கம்பெனிமேல் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டு, வக்கீல் சொன்ன நஷ்டஈட்டைத் தானே பாதியாகக் குறைத்து எழுதினார் என்றால் கடைத்தெருவில் ஒருவரும் நம்பவில்லை.

அவருக்கு வேண்டியது ஒரு தாள். வராததில் பயணிமேல் தப்பில்லை என்று சொல்லும் தீர்ப்பு. அதை மதுரையில் இருக்கும் தங்கை சொர்ணத்திடம் காட்ட வேண்டும்.

சொர்ணத்தின் மகளுக்கு மாலை போட்டு மணமேடைக்கு அழைத்து வர வேண்டிய மூத்த தாய்மாமன், கல்யாணத்தன்று காலை மனைவியும் சீர்த்தட்டுமாகப் பெங்களூர் ஏர்போர்ட்டில் நின்றார். "ஃப்ளைட் கேன்சல் சார். பதினாறு நாள் முன்னாடியே மெசேஜ் அனுப்பிட்டோம்" என்றாள் கவுன்ட்டர் பெண். அவர் போனில் ஒரு மெசேஜும் இல்லை. கல்யாண வேலை பார்க்க முன்பே போயிருந்த தம்பி அர்ஜுனன், அண்ணன் இடத்தில் நின்று மாலை போட்டான். "தங்கச்சி வீடுன்னா அவ்ளோ இளப்பமாண்ணா?" என்று போனை வைத்த சொர்ணம், எட்டு மாதமாக அவர் கூப்பிட்டால் எடுப்பதில்லை.

"விட்டுத் தொலைண்ணா, கம்பெனிக்காரன்கூட யாரு மல்லுக்கு நிக்கறது?" என்று சொல்லிக்கொண்டே அர்ஜுனனும் விசாரணைக்குக் கூட வந்தான்.

கம்பெனி வக்கீல் தன் பதில்மனுவின் நகலை நீட்டினார். "மெசேஜ் போன நம்பர் இதுல இருக்கு சார். வேற ஃப்ளைட் வேணாம், காசைத் திருப்பிக் குடுங்கன்னு நீங்களே அழுத்தியிருக்கீங்க. காசும் வந்தாச்சு."

கிருஷ்ணப்பா கண்ணாடியை மாட்டினார். கடைக்கு வரும் ஒவ்வொரு டபராவையும் தட்டிப் பார்த்து வாங்குகிறவர், டிக்கெட்டில் யார் நம்பர் இருக்கிறது என்று பார்த்ததே இல்லை. டிக்கெட் போட்டது தம்பி. நம்பரும் அவனுடையது.

"அர்ஜுனா, இது யார் நம்பர்டா?"

அர்ஜுனன் மின்விசிறியைப் பார்த்தான். "சொல்ல மறந்துட்டேண்ணா."

"காசைக் கேக்க மட்டும் ஞாபகம் இருந்துச்சாக்கும்?"

தம்பியின் குரல் எழும்பியது. "எந்த விசேஷத்துலயும் நீதான் முன்னாடி நிக்கற. நான் பந்தி பரிமாறணும், செருப்புக்குக் காவல் இருக்கணும். ஒரே ஒரு தடவை நான் நின்னா என்ன குறைஞ்சு போச்சு?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனேடா. பேரம்கூடப் பேசியிருக்க மாட்டேன்."

உள்ளே அவர் வழக்கைக் கூப்பிட்டார்கள். கிருஷ்ணப்பா போய் ஆணையத் தலைவியைப் பார்த்துக் கைகூப்பினார். "வழக்கை வாபஸ் வாங்கிக்கறேம்மா. கம்பெனி பொய் சொல்லலை. நம்பர் இருக்கற இந்தத் தாளுக்கு மட்டும் சீல் வச்ச நகல் ஒண்ணு வேணும்."

நகல் கைக்கு வந்ததும் வாசலில் அர்ஜுனன் அவர் முழங்கையைப் பிடித்தான். "அக்காவுக்கு மட்டும் அனுப்பிடாதண்ணா. உன் கால்ல வேணா விழறேன்."

கிருஷ்ணப்பா ஆட்டோவில் ஏறி, "போஸ்ட் ஆபீஸ் ஹோகி" என்று டிரைவரிடம் கன்னடத்தில் போகச் சொன்னார். அர்ஜுனன் வழக்கம்போல் பக்கத்தில் ஏறக் காலைத் தூக்கினான். அவர் கைப்பையை எடுத்து அந்த இடத்தில் வைத்தார்.