ரெஜ் ஆர்மராடின் கடைசி வரி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கிடைத்தது மீன் வறுவல் கடை வரிசையில். முன்னால் நின்ற பெண்மணி திரும்பி, என்னோடு வந்திருந்த ரெஜ் ஆர்மராடை உற்றுப் பார்த்தாள். "உங்கள எனக்கு நல்லாத் தெரியுமே! எங்க பல் டாக்டர்தானே நீங்க?"

"இல்லம்மா. ஆனா வாயத் திறங்க, பாத்துடறேன்," என்றார் ரெஜ்.

நாற்பத்தொரு வருடம் மேடையிலும் திரையிலும் நடித்தவர். பாதிரியாராகவே பதினேழு முறை. முகம் நாட்டுக்கே தெரியும், பெயர் ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். இங்கிலாந்தில், ஹடர்ஸ்ஃபீல்டு நகரத்து நாடக அரங்கு ஒன்றின் ஓரத்தில், பிரதியை மடியில் வைத்துக்கொண்டு, வசனம் மறந்தவர்களுக்கு எடுத்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு.

2

அவர் கதைக்கு நான் எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

'நெசவாலைத் தொழிலாளியின் மகனாக, மழை பெய்த ஒரு நாளில், ரெஜினால்ட்' (வேண்டாம். இங்கே எந்த நாளில்தான் மழை பெய்யவில்லை?)

'புகழ் அவரைத் தேடி வந்தபோது அவர்' (வரவேயில்லை. புளுகு.)

'அறுபத்தெட்டு வயதில் அவருக்கு முதன்முறையாகக் கதாநாயக வேடம் கிடைத்தது. அதே வருடம் ஞாபகமும் நழுவத் தொடங்கியது.' இது இருக்கட்டும்.

3

வேடம், ஓய்வுபெற்ற கலங்கரை விளக்கக் காவலாளி. இயக்குநர் பிரூடென்ஸ், முப்பது வயது, கறாரானவள். மூன்றாவது வார ஒத்திகையில் ரெஜ் இரண்டு முறை தடுமாறினார். அவள் நேராக என்னிடம் வந்தாள்.

"மறைக்காமச் சொல்லு. பெரியவருக்கு வசனம் நிக்குதா? இல்லன்னா இன்னிக்கே ஆள மாத்தியாகணும்."

"ஐயோ பாவம், அவரு எத்தன வருஷமா..."

"நீ பாவம் பாத்தா, முந்நூறு பேர் முன்னால அவருதான் அசிங்கப்படுவாரு."

"எல்லாம் நிக்குது," என்றேன்.

முழுப் பொய்யல்ல. தடுமாறினாலும் தேறிவிடுவார். கடைசி வரியைப் பற்றி மட்டும் எனக்கே தெரியாது.*

* எங்கள் ஆட்கள் நாடகத்தின் கடைசி வரியை ஒத்திகையில் சொல்லமாட்டார்கள். சொன்னால் நாடகம் படுத்துவிடும் என்று நம்பிக்கை. அந்த இடம் வந்ததும் 'டும் டும் டும்' என்றுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். மறந்தவரும் டும் டும்தான், மறக்காதவரும் டும் டும்தான்.

4

இந்தக் கதையின் முதல் வரைவில் ரெஜை ஆசையில்லாத மகானாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். முதல் காட்சிக்கு முன் ஒப்பனை அறையில் அவரைப் பார்த்தவர் யாரும் அப்படி எழுதமாட்டார்கள்.

"ரெஜ், கடைசி வரி தெரியும்ல? என் காதுல மட்டும் சொல்லிடுங்களேன்."

"வாயக் கழுவு! நாப்பத்தொரு வருஷமா அடுத்தவன் சொல்ற கடைசி வரியத்தான் நின்னு கேட்டிருக்கேன், கண்ணு. இது ஒண்ணுதான் என்னுது. அத உன் காதுல போய் வீணாக்குவேனா?"

தாடியைக் கோணலாக ஒட்டினார், பிய்த்தார், மறுபடி ஒட்டினார்.

"பயமா இருக்கா?"

"பின்ன? என் பேரே மறந்தாலும் பரவால்ல, அதுதான் யாருக்கும் தெரியாதே. இது மறக்கக் கூடாது."

பிரூடென்ஸிடம் போய் உண்மையைச் சொல்ல அதுதான் கடைசி வாய்ப்பு. நான் போகவில்லை.

5

முதல் காட்சி, வியாழக்கிழமை மதியம். ரெஜ் பிரமாதப்படுத்தினார். ஒரு சொல் பிசகவில்லை. கடைசியில் சன்னல் அருகே போய் நின்றார். மிச்சம் ஒரே வரி.

பிரதியில் அந்த வரிக்கு மேல் 'நீண்ட மௌனம்' என்றிருக்கிறது. எவ்வளவு நீளம்? அதை ரெஜிடமே விட்டிருந்தாள் பிரூடென்ஸ். மௌனத்துக்கு நடுவே குரல் கொடுத்தால் நடிகனைக் கொன்றதாகும். மறந்தவனுக்குக் கொடுக்காவிட்டாலும் அதேதான்.

முடிவு அ: நான் மெல்ல முதல் சொல்லை (அடித்துவிட்டேன்).

முடிவு ஆ: நான் வாயே திறக்காமல் (இதையும்).

அன்று ஏதோ ஒன்றைச் செய்தேன். சரிதானா என்று இன்றுவரை தெரியவில்லை. நம்மால் ஆகாது சாமி. நான் எழுந்துகொள்கிறேன், இந்த நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். பிரதி உங்கள் மடியில். விரல் அந்த வரியின் மேல்.

ஒன்பது நொடி. யாரோ இருமுகிறார்.

பத்து. ரெஜ் மெல்ல உங்கள் பக்கம் திரும்புகிறார். கண் கலங்கியிருக்கிறது. அந்தக் கண்ணீர் காவலாளியுடையதா, ரெஜுடையதா? 'எடுத்துக் கொடு' என்கிறாரா, 'கெடுத்துவிடாதே' என்கிறாரா?

பன்னிரண்டு. பின்வரிசையில் பிரூடென்ஸ் எழுந்து நின்றுவிட்டாள்.

குரல் கொடுக்கப் போகிறீர்களா, இல்லையா?