பொரியின் எடை

பொரி இளைக்கத் தொடங்கியதும் என் மதினி ஆடி முடிந்து திரும்பி வந்ததும் ஒரே வாரத்தில்தான். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டையும் மனதுக்குள் அருகருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொரி என் முயல். வெள்ளை நிறம், ஒரு காது மட்டும் சாம்பல். சிவகாசியில் எங்கள் அச்சகத்துக்கு மேலேதான் வீடு. மொட்டைமாடியில் தகரக் கூரைக்குக் கீழே அதன் கூண்டு. மதினி பிரீத்தி, ஏழாயிரம்பண்ணையில் பட்டாசுக் கம்பெனி வைத்திருப்பவரின் மகள். வைகாசியில் அண்ணனுக்கும் அவளுக்கும் கல்யாணம். ஆடிக்குப் பிறந்த வீடு போனவள் ஆவணியில் வந்தாள். வந்த அன்றே மாடிக்கு ஏறி, கூண்டுக்குள் வெகுநேரம் பார்த்தாள். கொஞ்சவில்லை, பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

அச்சகத்தில் கழிவுத்தாள் நிறுக்கிற தராசில் பொரியை வைத்தேன். இரண்டு கிலோ இருந்தது ஒன்றரைக்கு வந்திருந்தது. முதுகைத் தடவினால் எலும்பு தட்டியது. வைத்த புல் வைத்தபடி கிடந்தது.

“முடி கொட்டுற காலம்டி, அப்படித்தான் இருக்கும்” என்றாள் அம்மா.

அண்ணன் மணிகண்டராஜ் இட்லியைப் பிட்டுக்கொண்டே என்னிடம், “ஏ ஐசு, கல்யாண ஆல்பத்துல குண்டாத் தெரியறேன்னு நீ இருக்க டயட்ட அதுக்கும் சொல்லிக் குடுத்துட்டியா?” என்றான். மதினி சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்காததையும் நான் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

மறுநாள் கூண்டைக் கூட்டும்போது சில புழுக்கைகள் வெயிலில் மினுங்கின. ஒன்றைக் குச்சியால் உடைத்தேன். உள்ளே வெள்ளிப் பொட்டுகள். பட்டாசுக்குப் போடும் வெள்ளிப் பொடியை இந்த ஊரில் பார்க்காதவர் யார்? பொரி மூலையில் ஒடுங்கி, மூக்கை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தது. இப்படியே விட்டால் அது தீபாவளியைப் பார்க்காது என்று தோன்றியது.

அன்று மத்தியானம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றேன். காய்ந்த துணி எடுக்க மதினி வந்தாள். ஒரு துணியையும் தொடவில்லை. படிக்கட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் கூண்டைத் திறந்து கையை உள்ளே விட்டாள்.

“கையில என்ன, மதினி?”

திடுக்கிட்டு விரல்களை மூடினாள். “ஒண்ணுமில்ல. நீ எதுக்கு அங்கன ஒளிஞ்சு நிக்க?”

“பொரியோட புழுக்கையில வெள்ளிப் பொடி மினுங்குது. உங்க அப்பா கம்பெனிப் பொடிதான அது?”

என்னை மேலும் கீழும் பார்த்தாள். “எங்க கம்பெனியில பொடிய நிறுத்துக் குடுத்து நிறுத்து வாங்குவாக. அதக் களவாண்டு வந்து ஒன் முயலக் கொல்லத்தான் என்னையக் கட்டிக் குடுத்தாகளாக்கும்.”

பிறகு விரல்களை விரித்தாள். உள்ளே ஈரமான தாள் துண்டுகள். ஒன்றில் முருகனின் பாதம், பாதித் தண்டையோடு. இன்னொன்றில் வெள்ளித்தாள் ஒட்டிய வேல்.

“இது சாமி காலு. இது மேல அது மோண்டு வச்சிருக்கு. ஒங்க வீட்டுல ஒருத்தர் கண்ணுலயும் படல. வந்த புதுசுல நான் போயி அத்தைகிட்ட இதச் சொல்ல முடியுமா? அதான் யாருக்கும் தெரியாம அன்னன்னைக்குப் பொறுக்கி எடுத்துட்டுப் போறேன்.”

கட்டிங் மெஷினில் விழும் ஓரத் துண்டுகளைத்தான் கூண்டில் மெத்தையாகப் பரப்புவோம். மற்ற மாதங்களில் பில் புத்தகத் தாள் விழும். ஆடிப்பெருக்கு தாண்டினால் காலண்டர் சீசன். விடிந்தால் அடைந்தால் சாமி படம் அச்சடிக்கிற வீட்டில், துண்டாக விழுவது எங்களுக்குச் சாமியில்லை, வேஸ்ட்.

அவள் கையிலிருந்த வேலுக்கு முனை இல்லை. மெஷின் வெட்டினால் நேராக இருக்கும். இது பிறைபோல் வளைந்திருந்தது.

“இதக் கிழிச்சீங்களா?”

“நான் எதுக்குக் கிழிக்கேன்? எடுக்கும்போதே எல்லாம் அப்படித்தான் கொறையாக் கெடக்கு.”

ஒரு துண்டை முகர்ந்தேன். மட்டையில் படம் ஒட்டுகிற மைதாப் பசையின் வாசனை. அதைப் பொரியின் முன் நீட்டினேன். புல்லைத் தொடாத முயல் அதை இழுத்து வேகவேகமாக மென்றது. புழுக்கையில் மினுங்கியது வேலின் வெள்ளித்தாள்தான்.

கால்நடை டாக்டர் அதன் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். “உள்ள பூராவும் தாளும் முடியும்தான். வயிறு நெறஞ்சே கெடந்தா புல்லு எப்படித் திங்கும்? சத்து எங்கிருந்து ஏறும்?” என்றவர், மருந்து கொடுத்துத் தாளை அடியோடு எடுக்கச் சொன்னார். சாக்கு விரித்தோம். முதல் இரண்டு நாள் பொரி எதையும் தொடவில்லை. மூன்றாம் நாள் ஓர் அருகம்புல்லை முனையிலிருந்து உள்ளே இழுத்துக்கொண்டது.

கீழே ஓடிப்போய் மதினியிடம் சொன்னேன். தப்பாக நினைத்துவிட்டேன் என்றும் சொன்னேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள், “சரி” என்றாள்.

அதன்பிறகு அவள் மாடிக்கு வருவதில்லை. துணியை நான்தான் எடுத்து வருகிறேன். “நாளைக்கு அது மறுபடி எளைச்சாலும் நான் அங்கன போகலைன்னு இருக்கட்டும்” என்று அம்மாவிடம் சொன்னாளாம். ஆனால் அச்சகத் தராசில் அண்ணன் பொரியை நிறுத்துக் கொடுக்கும் நாளில், நான் அதை மாடியில் விட்டதும், படிக்கட்டின் அடியில் நின்று, “எம்புட்டு இருக்கு?” என்று கேட்கிறாள். நான் மேலிருந்து எடையைச் சொல்கிறேன். சற்று நேரம் கழித்து அச்சகத்துக்குப் போய், அண்ணனிடம் அதையே இன்னொரு தடவை கேட்டுக்கொள்கிறாள்.