இடக்கை உயர்த்திய வகுப்பு

மேற்கு மலையின் முடிகளில் இரவெல்லாம் படுத்துக் கிடந்த முகில்கள் சோம்பல் முறித்தெழுந்து அய்யனார் கோவில் அருவிப் பக்கமாக நகரவும், இராசபாளையத்து நூலாலைகளில் இரவு வேலை முடித்த பெண்கள் கூந்தலில் ஒட்டிய பஞ்சைத் தட்டிக்கொண்டே வீடு திரும்பவும், திருவில்லிபுத்தூர்த் தெருக்களில் பால் காய்ச்சுவோர் அகன்ற சட்டிகளைக் கிண்டத் தொடங்கவும், இவ்விரண்டு ஊர்க்கும் இடைப்பட்ட சாலையில் மாந்தோப்புகளைக் கடந்து விரைந்தது ஒரு பேருந்து. அதன் முன்னிருக்கையில், சுருட்டிய ஐரோப்பிய நிலப்படத்தைக் கைக்குழந்தைபோல் மடியில் கிடத்தி, நிமிர்ந்து அமர்ந்திருந்தாள் வின்சி என்னும் நங்கை.

கற்றறிந்த பெரியீர், அந்த நிமிர்வுக்குக் காரணம் உண்டு. வரலாற்றில் முதுகலை முடித்து, ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியிலும் ஓராண்டைக் கடந்து, இரண்டாம் ஆண்டின் இறுதியில் நின்றாள் அவள். அன்றைக்குப் புறத்தேர்வாளர் ஒருவர் வகுப்பின் பின்வரிசையில் வந்தமர்ந்து அவள் பாடம் நடத்துவதைக் காண்பார். தேறினால் பட்டம்; தவறினால் இன்னும் ஓராண்டுக் காத்திருப்பு. "உலக வரலாறு படிச்சு என்னத்தக் கிழிக்கப் போற, ஏட்டி?" என்று நாள்தோறும் கேட்கும் அன்னை கேத்ரினுக்கு அந்த ஓராண்டு வெறும்வாய்க்குக் கிடைத்த அவல் ஆகிவிடும். ஆயினும் அவள் அஞ்சவில்லை. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உலகத்தின் கதையைச் சொல்லவே பிறந்தவள் தான் என்று அவள் நெஞ்சார நம்பினாள்.

அந்த நம்பிக்கையோடு அவள் சிறிது கள்ளத்தையும் சேர்த்து வைத்திருந்தாள் என்பதை மறைப்பானேன்? பயிற்சி ஆசிரியர் நடுவே வழிவழியாக வரும் வழக்கம் ஒன்று உண்டு. தேர்வு நாளில் நடத்தவேண்டிய பாடத்தை அதே பிள்ளைகளுக்கு முன்பே நடத்திப் பழக்கிவிடுவர். போதாக்குறைக்கு ஓர் உடன்படிக்கையும் செய்துகொள்வர்: விடை தெரிந்தவர் வலக்கையை உயர்த்துக, தெரியாதவர் இடக்கையை உயர்த்துக, கை உயர்த்தாதவர் ஒருவரும் இருத்தலாகாது. பின்னிருந்து காண்பவர்க்கு வகுப்பு முழுவதும் அறிவுக் காடாகத் தோன்றும்; ஆசிரியை வலக்கைகளை மட்டும் அழைத்து வெற்றி பெறுவாள். வின்சியும் ஒன்பதாம் வகுப்பினர்க்குப் பிரான்சு நாட்டுப் புரட்சியை அலுக்க அலுக்கப் பழக்கி, அந்தக் கை உடன்படிக்கையையும் செய்துவைத்திருந்தாள்.

திருவில்லிபுத்தூர்ப் பள்ளியில் மணி அடித்தது. தேர்வாளர் தேவகிருபை அம்மையார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பின்வரிசையில் அமர்ந்தார். வின்சி நிலப்படத்தை விரித்து, வணக்கம் கூறி, இனிய குரலில் தொடங்கினாள்: "பிள்ளைகளே, பிரான்சு நாட்டை அந்நாளில் ஆண்ட—"

"பதினாறாம் லூயி, டீச்சர்!" என்று எழுந்தான் சேதுபதி. வகுப்பில் அவனே முந்திரிக்கொட்டை.

"நன்று. அந்நாட்டு மக்கள் எத்தனை—"

"மூணு பிரிவு! பொறவு, பாஸ்டில் சிறைய ஒடச்சாங்க, டீச்சர்!"

"அதை நான் கேட்கவில்லையே, சேதுபதி."

"இப்ப கேக்கல. அடுத்து அதத்தான கேப்பிய?"

ஐயகோ! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து வைத்தால், சோறே எழுந்து நின்று காட்டிக்கொடுத்த கதையாயிற்று. பின்வரிசையில் அம்மையார் பாடத்திட்டத் தாளை மெல்ல மூடி வைத்துவிட்டுப் பலகணி வழியே வேப்பமரத்தைப் பார்க்கலானார். ஓராண்டு போயிற்று என்று வின்சிக்கு ஒரு கணம் தோன்றியது. மறுகணமே, போனால் போகட்டும், போகிற போக்கில் ஒரு பாடமேனும் உண்மையாக நடத்திவிட்டுப் போவோம் என்று அவளுக்கு வீம்பு பிறந்தது. கையிலிருந்த குறிப்புகளை மேசைமேல் கவிழ்த்தாள்.

"பிள்ளைகளே, இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். உங்களுக்கு நான் சொல்லாத ஒன்றைக் கேட்கிறேன். பாரிசு நகரில் மாவு இல்லை, அப்பம் இல்லை, பிள்ளைகள் பசியால் அழுகின்றன. ஒருநாள் அந்நகரத்துப் பெண்கள் திரண்டு, கொட்டும் மழையில், மன்னன் வாழ்ந்த அரண்மனைக்கு நடந்தே சென்றார்கள். இராசபாளையத்திலிருந்து நம் பள்ளிக்கு நடப்பதைவிட நெடிய வழி. அப்பம் விற்கும் கடை பக்கத்துத் தெருவிலேயே இருக்க, அரசன் வாயில்வரை ஏன் நடந்தார்கள்?"

வகுப்பு திகைத்தது. பிறகு, கொடுத்த வாக்கைக் காக்கும் நற்பிள்ளைகள் அல்லரோ, ஒருவர் விடாமல் அத்தனை பேரும் இடக்கையை உயர்த்தினர்.

தேவகிருபை அம்மையார் திரும்பிப் பார்த்தார். அவரும் ஒருகாலத்தில் பயிற்சி ஆசிரியையாக இருந்தவரே; அந்தக் கைகளின் பொருள் அவர்க்குப் புரியாமலா போகும்? அவர் உதடுகள் துடித்தன. சினமோ சிரிப்போ, வின்சிக்கு விளங்கவில்லை.

"இன்றைக்கு எனக்கு இடக்கைகளே வேண்டும்," என்றாள் வின்சி. "மாரிக்கனி, நீ சொல்."

சுந்தரபாண்டியத்திலிருந்து வரும் மாரிக்கனி மருண்டு எழுந்தாள். "தெரியாதுன்னுதான டீச்சர் தூக்குனேன்!"

"தெரியும் அம்மா. தெரியாததைச் செத்த நேரம் நினைத்துப் பார்."

அவள் நினைத்தாள். "எங்க தெருவுல தண்ணி வரலேன்னா பக்கத்து வீட்டுக் கொடத்தையா புடுங்குவோம்? அவியளுக்கும்தான தண்ணி இல்ல. எங்கம்மால்லாம் காலிக்கொடத்தத் தூக்கிட்டுப் போயி நடுரோட்டுல ஒக்காந்துருவாவ. அதிகாரி வந்துதான ஆகணும்? கடக்காரன்கிட்டயும் மாவு இருந்திருக்காது டீச்சர்."

சேதுபதி பொறுக்கவில்லை. "அதிகாரி வருவாரு, நாளைக்கே தண்ணி வரும்பாரு. எல்லாரும் எந்திரிச்சு வீட்டுக்குப் போன பொறவு மறந்துருவாரு. ராசாவும் அப்படித்தான மறந்திருப்பாரு?"

வின்சியின் முகம் மலர்ந்தது. எந்தக் குறிப்பிலும் எழுதி வைக்காத கேள்வி அது. "அந்தப் பெண்களும் அதையேதான் எண்ணினார்கள், சேதுபதி. ஆகவே அவர்கள் வெறுங்கையோடு திரும்பவில்லை. மன்னனையும் அரசியையும் பிள்ளைகளையும் வண்டியில் ஏற்றித் தங்கள் ஊருக்கே அழைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்."

"அடியாத்தீ!" என்றாள் மாரிக்கனி, இருகைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு. வகுப்பே ஆர்ப்பரித்தது.

அந்த ஆரவாரம் அடங்குமுன் பாடவேளை முடிந்து மணி ஒலித்தது. பிள்ளைகள் முற்றத்துக்கு ஓடினர். சேதுபதியும் மாரிக்கனியும் இன்னும் சிலரும் மட்டும் முற்றத்தில் வின்சியைச் சூழ்ந்துகொண்டு, அரசன் பிறகு என்ன ஆனான் என்று நச்சரித்தனர். "நாளைக்குச் சொல்றியளா, டீச்சர்?" என்றாள் மாரிக்கனி.

வின்சியின் பயிற்சிக் காலம் அன்றோடு முடிகிறது. நாளை அவள் அங்கே இல்லை. என்றேனும் வேலை பெற்று இப்பள்ளிக்கே வந்தாலும், இந்தப் பிள்ளைகள் வளர்ந்து வேறெங்கோ போயிருப்பார்கள். ஆசிரியத் தொழிலில் இந்தப் பிரிவு ஆண்டுதோறும் வரும் என்பதை அவள் அப்போதுதான் உணர்ந்தாள். உணர்ந்ததும், முற்றத்து வெயிலிலேயே நின்று, மீதிக் கதையைத் தொடங்கிவிட்டாள்.

தேவகிருபை அம்மையார் அவ்வழியே வந்தவர் சற்று நின்றார். "முதற்பாதிக்கு உன்னைத் தோல்வியுறச் செய்திருப்பேன், வின்சி. பிற்பாதி காப்பாற்றியது, தேறிவிட்டாய். தேர்வு முடிந்ததம்மா, இனி நீ நடத்தத் தேவையில்லை."

"தெரியும் அம்மா, மிக்க நன்றி," என்று கைகூப்பியவள், உடனே பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "எங்கே விட்டேன்?"