உகாப் ஆற்றங்கரையில் ஒரு சண்டை

ஈஸ்டர் விடுமுறைக்கு உகாப் ஆற்றுப் பக்கம் போய்க் கூடாரம் அடிக்கலாம் என்று சொன்னவள் பெட்ரொனெல்லாதான். வால்விஸ் பே துறைமுக ஊரில் பிரசவ வார்டு நர்ஸ் அவள். ஆள் அரவமே இல்லாத மணலில் கால் நீட்டி உட்கார மாட்டோமா என்று வருடம் முழுக்க ஏங்கியிருந்தாள். ஆனால் கணவன் கெர்சனையும் அண்ணன் சாக்கேயுஸையும் ஒரே வண்டியில் ஏற்றியது தப்பு என்று வழியிலேயே தெரிந்துவிட்டது.

ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மணலில் பிக்கப்பின் சக்கரம் புதைந்தது.

"ஏன் மச்சான், மீன் லாரி ஓட்டறவன்னு சொல்லித்தானே என் தங்கச்சியக் கட்டுன? மீனுதான்யா நீந்தும், வண்டி நீந்தாது" என்றான் சாக்கேயுஸ்.

"எறங்கித் தள்ளு. உன் வாயாலயே தள்ள முடிஞ்சா இந்நேரம் போய்ச் சேந்திருப்போம்."

ஒருவழியாக வெளியே வந்து, ஆற்றின் நடுவே நின்ற பெரிய அனா மரத்தடியில் இரண்டு கூடாரங்களையும் அடித்தார்கள். நிழல் அவ்வளவு குளிர்ச்சி. கெர்சன் நெருப்பு மூட்டக் குனிந்தான். விறகு புகைந்ததே தவிரப் பற்றவில்லை.

"வீட்டுல அடுப்பக்கூட இவதான் பத்தவெக்கிறாளா?" என்று சாக்கேயுஸ் சிரித்தான்.

கெர்சன் விறகை விட்டு எழுந்தான். தன் கூடாரத்தைப் பிடுங்கி வண்டியில் எறிந்தான். கரைமேல் ஏறி, பாறையும் வெயிலுமாகக் கிடந்த மேட்டில் போய் வண்டியை நிறுத்திக் கூடாரம் அடித்துக்கொண்டான்.

"உங்கண்ணனோட நிழல் எனக்கு வேணாம்" என்றான், பின்னாலேயே ஓடிவந்தவளிடம்.

பெட்ரொனெல்லா மேலும் கீழும் நடந்து கெஞ்சிப் பார்த்தாள். இருவரும் அசையவில்லை. கடைசியில் அவளுக்கே கோபம் வந்தது. ஆட்டிறைச்சியையும் மக்காச்சோள மாவையும் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போனவள், கீழே பார்த்துக் கத்தினாள்.

"சமையல் இங்கதான். பசிச்சா மேல வா. வராட்டி அந்த மரத்தயே தின்னு!"

சாக்கேயுஸ் வெகுநேரம் வீம்பாக இருந்தான். கொழுப்பு தணலில் சொட்டும் வாசனை அவனைக் கிளப்பியது. முணுமுணுத்துக்கொண்டே அவன் கரையேறியபோது, தொலைவில் லாரிகள் வருவதுபோல ஓர் இரைச்சல் கேட்டது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. எங்கோ உள்நாட்டில் பெய்த மழை, ஆறாக வந்துகொண்டிருந்தது.

பழுப்பு நுரை, மரக்கிளைகளையும் யானைச் சாணத்தையும் முன்னால் தள்ளிக்கொண்டு வளைவில் திரும்பியது. அவன் கூடாரம் ஒருமுறை உப்பியது, அப்புறம் காணவில்லை.

முதலில் சுதாரித்தவன் கெர்சன்தான்.

"நாம வந்த வழியில, கீழ்ப்பக்கமா ரெண்டு பொம்பளைங்க ஆத்துக்குள்ள தங்கியிருந்தாங்களே! மச்சான், ஏறு!"

மூவரும் வண்டியில் தாவி ஏறினார்கள். கெர்சன் ஹாரனை அழுத்தியபடியே கரையோரக் கற்களில் வண்டியை விரட்டினான். மணல் தண்ணீரைக் குடித்ததால் வெள்ளம் சற்றுப் பின்தங்கியது. மரத்தடியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களும், யாரோ பண்டிகைக் குஷியில் போகிறார்கள் என்று நினைத்து உற்சாகமாகக் கையசைத்தார்கள்.

"கைய ஆட்டாதீங்க, ஓடியாங்க! ஆறு வருது!" என்று அலறிக்கொண்டே சாக்கேயுஸ் சரிவில் குதித்து ஓடினான். இளையவள் மலையேறும் பூட்ஸை எடுக்கத் திரும்பினாள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவந்தான். மூத்தவளுக்குக் கெர்சன் மேலேயிருந்து கை கொடுத்தான். அவர்கள் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் தேநீர் கெட்டில் தண்ணீரில் போனது.

இருவரும் உசாகோஸ் ஊர் ஆசிரியைகள். மூத்தவள் கெர்சனின் கையை விடாமல் அழுதாள்.

மேட்டுக்குத் திரும்பியபோது இறைச்சி ஒரு பக்கம் கருகியிருந்தது. ஐவரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். சாக்கேயுஸ் தொப்பியைக் கழற்றிக் கண்ணை மூடினான்.

"கர்த்தாவே, என் மச்சானுக்கு மூக்குக்கு மேல கோவத்த வெச்சதுக்கு நன்றி. இல்லாட்டி நாங்க மூணு பேரும் இந்நேரம் கடலப் பாத்துப் போயிருப்போம்." அவன் கண்ணைத் திறந்து கெர்சனைப் பார்த்தான். "நான் பேசுனதெல்லாம் தப்பு, மச்சான்."

"ஆமென் சொல்லு, களி ஆறுது" என்றான் கெர்சன். ஆனால் நல்ல துண்டாகப் பார்த்துச் சாக்கேயுஸின் தட்டில்தான் வைத்தான்.

ஆற்றைக் கடந்துதான் ஊருக்குப் போக வேண்டும் என்பதால் மறுநாளும் அங்கேயே தங்க நேர்ந்தது. காலையில் பெட்ரொனெல்லா தனியாக இறங்கி, தணிந்த தண்ணீரில் காலை விட்டு உட்கார்ந்தாள். அக்கரையில் மான் ஒன்று தலை குனிந்து குடித்துக்கொண்டிருந்தது. மேலே ஆண்கள் இருவரும் விறகைப் பற்றவைப்பது எப்படி என்று மறுபடி வாதாடத் தொடங்கியிருந்தார்கள். அந்தச் சத்தம் அவள் காதுக்கு அவ்வளவு இனிமையாக இருந்தது.